கௌபோய் ‘போறன்’ சொல்ல மாட்டான்

ஹனோவர்,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

பெருமதிப்புக்குரிய அத்தான் தபோதரன் அவர்களுக்கு,

மைத்துனன் கணேசலிங்கம் பணிவுடன் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலையும் மனைவி சுந்தரேஸ்வரியின் முகத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம். கொலோனில் நீங்களும் நேசமலர் அக்காவும், உங்கள் தலைமையில் தமிழ்ச் சங்கமும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவது, ஐசே?’ என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நேற்று நீங்கள் தொலைபேசியில் என்னோடு பேசிய நேரம் முழுவதும் நான் சொன்னது ‘ஓம் அத்தான்’, ‘இல்லை அத்தான்’, ‘அது வந்து அத்தான்’ ஆகிய மூன்றும்தான். அந்த மூன்றாவதை முடிக்க நீங்கள் விடவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன், நான் திரித்துவிட்டேன் என்று பிறகு வரக்கூடாது. “கணேஸ், ரெண்டு சொல்லுத்தானே ஐசே. படத்தில சொல்லுறதெல்லாம் நிசமே? சொல்லிப்போட்டு வாருமன். அந்த மனுசி ஆசுப்பத்திரிக்குப் போகமுன்னம் ஒரு விருப்பம் கேக்குது, நீர் நிண்டு அடம் பிடிக்கிறீர்.” பின்னாலிருந்து அக்கா, “அவன் சின்னனிலயும் இப்பிடித்தான்” என்றதும் கேட்டது. உங்களுக்கு இந்தச் செய்தியை யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. குசினி அடுப்படியில் தொலைபேசியை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிற ஒரே ஆள் இந்த வீட்டில் யார் என்று எனக்குத் தெரியும்.

அத்தான், நான் சொல்ல மாட்டேன். கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். மிச்சத்தை நேரம் இருந்தால் வாசியுங்கள், நேரம் இல்லாவிட்டாலும் வாசியுங்கள்.

நீங்கள் இதைக் ‘கௌபோய்க் கூத்து’ என்று சொல்லிச் சிரிப்பதோடு நிறுத்திவிடுவதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அகதி விடுதியிலிருந்து வெளியே வந்து, ஹனோவருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கமராவும் விளக்குமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அமெரிக்கக் கௌபோய் மாட்டுக்காரர் பாட்டை ஜெர்மன் மொழியில் பாடுகிற யூலியா என்ற பிள்ளையின் முதல் பாட்டுக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். அவளும் அப்போது நேற்று முளைத்த பாடகிதான். பாட்டில், அவள் அந்தக் கடையை நடத்துகிறவள், வழிப்போக்கன் ஒருவன் வந்து கோப்பி குடித்துவிட்டுத் தொப்பியை உயர்த்திவிட்டுப் போக வேண்டும். வழிப்போக்கனாக வந்த நடிகனுக்கு வெளியே பூத்திருந்த பூவெல்லாம் ஒத்துக்கொள்ளாமல் கண் வீங்கி, தும்மித் தும்மித் தொப்பி விழுந்துகொண்டிருந்தது. மன்ஃபிரெட் என்ற தாடிக்கார இயக்குநர் சுற்றிவரப் பார்த்தார், தட்டுகளை அடுக்கிக்கொண்டு நான் போனேன், தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தார். அது என் காது வரைக்கும் இறங்கியது. அதுவே நல்லது என்றார், முகம் தெரியத் தேவையில்லையாம்.

பாட்டின் நடுவே கிற்றார் நின்று ஒரு சிறிய அமைதி வரும். அந்த அமைதியில்தான் நான் கதவைத் திறந்து போக வேண்டும். அத்தான், ஒரு பெண்பிள்ளை கோப்பி ஊற்றித் தந்திருக்கிறாள், வாசல் வரை வந்து நிற்கிறாள், நான் வாய் திறக்காமல் போக மாடா? நாங்கள் சொல்வதைச் சொன்னேன். ஜெர்மன் வகுப்பில் ‘போ’வும் ‘வா’வும் முதல் பாடத்திலேயே வந்துவிட்டதால் தடுமாற்றம் இல்லை. “இஹ் கேஹ உண்ட் கொம்ம” என்றேன். அதாவது ‘நான் போகிறேன், வருகிறேன்.’ நம்முடைய போட்டு வாறன். அவ்வளவுதான், கமராக்காரன் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெர்மன்காரன் போனால் போவான், வந்தால் வருவான், ஒரே மூச்சில் இரண்டையும் செய்கிறவனை அவர்கள் கண்டதில்லை. சிரிக்காமல் நின்றது யூலியா மட்டும்தான். கிட்ட வந்து, “உண்மையாவே வருவியோ?” என்று கேட்டாள். “நாளைக்கு விடிய எனக்கு வேலை, வராமல்?” என்றேன். அந்த வசனத்தை வெட்டக்கூடாது என்று மன்ஃபிரெட்டோடு சண்டை பிடித்து வைத்துக்கொண்டாள்.

பாட்டு தொலைக்காட்சியில் போனது. சனங்கள் எழுதத் தொடங்கினார்கள். பாட்டைப் பற்றி இல்லை, ‘அந்தத் தொப்பிக்காரர் வருகிறேன் என்றாரே, வந்தாரா?’ என்று. பிரேமனில் ஒரு பெண்மணி, அந்த ஆள் வராவிட்டால் இனி நான் எந்த ஆணையும் நம்ப மாட்டேன் என்று எழுதியிருந்தாள். அதுவரை லொறியையும் நிலவையும் பாடிக்கொண்டிருந்த யூலியா, அடுத்த பாட்டில் அதே கடையில் அதே மேசையில் ஒரு தட்டை அதிகமாக வைத்தாள். கடைசிச் சரணத்தில் நான் வந்து சூப் குடித்தேன். எழும்பினேன். “இஹ் கேஹ உண்ட் கொம்ம.” அதோடு என் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக, பாட்டுக்குப் பாட்டு நான் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறேன்.

நீங்கள் இந்தப் படங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை, அது எனக்குத் தெரியும். நாலு நிமிடத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்லி முடிக்க வேண்டும், நடுவில் நின்று விளக்க ஆள் கிடையாது. முதல் சரணத்தில் மேசையில் இரண்டு கோப்பை இருக்கும். இரண்டாம் சரணத்தில் ஒன்று இருக்கும். பார்க்கிறவனுக்கு நெஞ்சு அடைத்துவிடும். உங்கள் சங்கத்தில் இதையே சொல்ல மூன்று பேச்சாளரும் ஒரு நன்றியுரையும் வேண்டும். யூலியா இந்த வித்தையை வருடக் கணக்காகப் பழகினாள். ஒரு பாட்டில் கடை வாசலில் நட்ட செடி அடுத்த பாட்டில் மரமாக நிற்கும். ஒரு பாட்டில் உடைந்த சன்னல் பிறகு எத்தனையோ பாட்டுக்கு அட்டை ஒட்டியபடியே இருக்கும். பார்க்கிற சனம் அந்த அட்டையைப் பற்றிக்கூடக் கவலைப்பட்டு எழுதும்.

அந்தக் கதையில் பாதி என் வாயிலிருந்தும் காலிலிருந்தும் வந்தது என்பதை நானே சொல்லக்கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். ஒரு படத்தில் செயற்கை மழை பெய்வித்து, நான் சேற்றில் நடந்து வந்து கடைக்குள் நுழைய வேண்டும். சேற்றுச் சப்பாத்தோடு யாராவது ஒரு வீட்டுக்குள் போவானா? வாசலில் குந்தி இரண்டையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன். கால் மேசில் ஓட்டை, பெருவிரல் வெளியே தெரிந்தது. மன்ஃபிரெட் தொப்பியைத் தரையில் அடித்தார். “கௌபோய் செத்தாலும் சப்பாத்துக் கழட்டமாட்டான் கணேஸ்!” என்றார். யூலியா அதையும் வெட்ட விடவில்லை. மழைக்குள் வாசலில் இரண்டு சப்பாத்து நிற்கிற காட்சி அவளுடைய பாட்டுகளிலேயே புகழ்பெற்றதாகிவிட்டது. அதற்குப் பிறகு வாசலில் சப்பாத்து நின்றால் அவன் உள்ளே இருக்கிறான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு முறை எனக்குக் காய்ச்சல் என்று நான் போகவில்லை, சப்பாத்தை மட்டும் வைத்து எடுத்தார்கள். அதுதான் என்னுடைய மிகச் சிறந்த நடிப்பு என்று பலர் எழுதியிருந்தார்கள்.

இன்னொரு தடவை கோயிலிலிருந்து நேரே போய்விட்டேன். நெற்றியில் மூன்று குறி விபூதி, தொப்பிக்குள் இருந்ததால் ஒருவரும் காணவில்லை. நான் தொப்பியைக் கழற்றுகிற காட்சி அன்றைக்குத்தான். படம் வெளியே வந்த பிறகு ஒரே ஆராய்ச்சி. பாலைவனப் புழுதி என்றார்கள் சிலர், இரகசியக் குழுவின் அடையாளம் என்றார்கள் சிலர். மன்ஃபிரெட்டுக்கு அந்த இரகசியக் குழு பிடித்துவிட்டது. அடுத்த படத்தில் ஒரு கூட்டம் குதிரைக்காரர் நெற்றியில் மூன்று குறியோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். விபூதி கிடைக்காமல் கேக் செய்கிற பேக்கிங் பவுடரைப் பூசியிருந்தார்கள், காற்றடித்ததும் குதிரையெல்லாம் தும்மியது. சுந்தரேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு, “சிவசிவா” என்று கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, “அந்தக் கடைசிக் குதிரையில வாற பொடியனுக்கு நல்ல வடிவா இருக்கு” என்றாள். குதிரை என்றதும் ஞாபகம் வருகிறது, அவள் கட்டித் தந்த புட்டையும் கத்தரிக்காய்ப் பிரட்டலையும் ஒரு குதிரை பையோடு தின்றுவிட்டு, அன்று முழுக்க என் தோளை விட்டுத் தலையை எடுக்கவில்லை. அந்தக் குதிரையின் விசுவாசத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். அது விசுவாசமில்லை அத்தான், கத்தரிக்காய்.

மன்ஃபிரெட் ஒரு முறை முத்தக் காட்சி வைத்ததையும் மறைக்கவில்லை. சுந்தரேஸ்வரி இடியப்பப் பெட்டியோடு வந்து, கமராவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். முத்தம் மெல்ல மெல்லக் கட்டிப்பிடிப்பாகி, கட்டிப்பிடிப்பு கைகுலுக்கலாகி முடிந்தது. எவ்வளவு கண்ணியமான காதல் என்று நாடே எழுதியது. அன்றைக்கு இடியப்பம் தின்ற யூலியாவும் சுந்தரேஸ்வரியும் கூட்டாளிகள் ஆனார்கள். இன்றைக்கு வரை இரண்டு பேரும் சேர்ந்தால் எனக்கு வீட்டில் இடமில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், தேத்தண்ணி குடிக்க எழும்பாமல் வாசியுங்கள். சில வருடங்களுக்கு முதல் யூலியாவின் மனிசன் ஹோல்கர் செத்துப்போனான். அவளுடைய பாட்டுக்கெல்லாம் மேளம் அடித்தவன், நல்ல பொடியன். நானும் சுந்தரேஸ்வரியும் செத்த வீட்டுக்குப் போனோம். அவர்கள் வழக்கப்படி கேக்கும் கோப்பியும் தந்தார்கள். குடித்துவிட்டு எழும்பி, கோட்டைப் போட்டு, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். செத்த வீட்டில் யாராவது போட்டு வாறன் என்று சொல்லுவானா? திரும்பவும் இப்படி ஒன்றுக்கு வருகிறேன் என்றல்லவா ஆகும்? ஆனால் யூலியா வாசலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உலகத்தில் எல்லோரும் போனாலும் வருகிறேன் என்று சொல்லிப் போகிற ஒருவன் அன்றைக்குச் சொல்லாமல் போய்விட்டான். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நாங்கள் தொலைபேசி எடுத்தாலும் பேசவில்லை. கடைசியில் சுந்தரேஸ்வரிதான் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, நம்முடைய வழக்கம் இன்னது என்று விளங்கப்படுத்தினாள். யூலியா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாளாம், பிறகு சிரித்தாளாம், பிறகு அதையும் ஒரு பாட்டாக்கினாள். அந்தப் படத்தில் நான் மேசையிலிருந்து எழும்பி ஒரு சொல்லும் இல்லாமல் போகிறேன். படத்தில் சத்தம் வரவில்லை, கோளாறு என்று தொலைக்காட்சிக்கு முறைப்பாடு போனது வேறு கதை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘போறன்’ என்றால் என்ன, ‘போட்டு வாறன்’ என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த மாதிரித் தெரியும். தெரிந்துகொண்டுதான் இப்போது இதைச் செய்கிறாள்.

அவளுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. வெட்டி எடுக்க நாள் குறித்து டெர்மீன் கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை. பிறகு குரல் இருக்குமா, இருந்தால் எந்தக் குரல் இருக்கும் என்று டாக்டர்மார் சொல்கிறார்கள் இல்லை. அதனால் பாடுகிற குரல் இருக்கும்போதே கடைசிப் பாட்டைப் பாடிப் பதிந்துவிட்டாள். கத்திக்கு முதல், வருகிற சனிக்கிழமை படப்பிடிப்பு. மன்ஃபிரெட்டுக்கு வயது போய் நடமாட்டம் இல்லை. படப்பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்த லெனார்ட் என்ற பையன்தான் எடுக்கிறான். மன்ஃபிரெட் காலத்தில் தாள் என்றொன்று கிடையாது, கையைக் காட்டி ‘கணேஸ், நில், நட, திரும்பு’ என்பார். இந்தப் பையன் எல்லாவற்றையும் அச்சடித்துத் தபாலில் அனுப்பியிருந்தான். வாழ்க்கையில் முதன்முதலாக எனக்குத் தாளில் வசனம் வருகிறதே என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

கடை பூட்டப்படுகிறது. வாசல், காலை நேரம். பிறகு பெரிய எழுத்தில் ‘ஸீ’ என்று போட்டு, பக்கத்தில், ‘இஹ் கேஹ.’ அவ்வளவுதான். ‘உண்ட் கொம்ம’ இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை. ‘ஸீ’ என்றால் ‘நீங்கள்’ என்று உங்களுக்குத் தெரியும். யூலியாவும் மன்ஃபிரெட்டும் என்னை எப்போதும் ‘டூ’ என்று ஒருமையில்தான் அழைப்பார்கள். இந்தப் பையன் ‘நீங்கள்’ என்று மரியாதை வைத்து, மரியாதையாக என் கழுத்தை அறுத்திருக்கிறான். அது போதாதென்று அதற்குக் கீழே ‘ஏர்’, அதாவது ‘அவர்’ என்று யாரோ ஒருவர். அவருக்கு வசனம் இல்லை, வெறும் கோடு போட்டு விட்டிருக்கிறது. ஆகவே நான் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் போக, என் இடத்தில் ஒரு புது ஆள் வாயைத் திறக்காமல் வந்து நிற்கப்போகிறார். இத்தனை வருடம் வந்து வந்து போனதற்குக் கிடைத்த பலன் இது. அந்த அவர் யார் என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது.

லெனார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். “அந்த வசனம் அந்த வாசலில வரக்கூடாது” என்றேன்.

“ஐயோ, அது இல்லாட்டிப் படமே இல்லை, ஹெர் கணேசலிங்கம்” என்றான்.

“அதை மாத்தேலாதோ?”

“யூலியா தன்ர கையால எழுதினது. ஒரு எழுத்தும் தொடவேண்டாம் எண்டிட்டா.”

“எனக்கு அதை நினைக்கவே நெஞ்சு பதறுது, தம்பி.”

“அதுதான் எங்களுக்கு வேணும்!” என்று சந்தோசப்படுகிறான். பிறகு யூலியாவுக்கே எடுத்தேன். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் சண்டை பிடிக்க நினைத்ததெல்லாம் மறந்துபோய், “உனக்குத் தெரியும்தானே, எங்கட வீட்டில அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு” என்று மட்டும் கேட்டேன்.

“தெரிஞ்சுதான் எழுதினனான் கணேஸ். எப்பவோ ஒரு நாள் அதைச் சொல்லத்தானே வேணும்.” கொஞ்ச நேரம் இருமினாள். “அந்த இடம் வரேக்க என்ன செய்யவேணும் எண்டு உனக்குத் தெரியும். உன்னை நம்பித்தான் இருக்கிறன்.”

என்னை நம்பி இருக்கிறாளாம். நான் தொலைபேசியை அடித்து வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சுந்தரேஸ்வரி பிடித்துக்கொண்டாள். “இஞ்சருங்கோ, முப்பது வருசமா நாலு சொல்லைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் பேர் எடுத்தனீங்கள். அந்தப் பிள்ளை பாதியைக் குறைச்சுச் சொல்லச் சொல்லுது. உங்களுக்கு அவவின்ர வருத்தம் பெரிசோ, உங்கட வசனம் பெரிசோ?” என்றாள். பிறகுதான் குசினிக்குள் போய் மெதுவாகப் பேசினாள்.

அவளுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். எனக்குப் பயம் அத்தான். அவள் கத்திக்குப் போக இருக்கிற நேரத்தில், அவள் வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்து ‘போறன்’ என்று நான் எப்படிச் சொல்வேன்? படம்தானே என்கிறீர்கள். படத்தில் கழற்றிய சப்பாத்தைப் பார்த்து நாடே நம்பியது, நான் மட்டும் நம்பக்கூடாதா? இந்த நாட்டில் நான் தப்பும் தவறுமாகப் பேசிய ஜெர்மனைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவள். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இதை நான் வேறு எந்த மாதிரியும் சொல்ல முடியாது, இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லாதேங்கோ. எங்கள் மகள் மிதுசா பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்கு வந்து, படப் பிடிப்புக்காரன் உங்களை ஓரத்தில் விட்டுவிட்டான் என்று கோபித்துக் காரில் ஏறும்போது “நான் போறன்” என்றீர்கள். அக்கா உடனே, “வாறன் எண்டு சொல்லுங்கோப்பா” என்றா. நீங்கள் சொல்லவில்லை. பீலபெல்டுக்கு இந்தப் பக்கமே கார் நின்றுவிட்டது. இழுவை வண்டி வரும்வரை நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டு வேட்டியோடு நின்றது யார்? அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, “ஐசே, போட்டு வாறன் எண்டு இப்ப சொன்னால் செல்லுமே?” என்று கேட்டதும் நீங்கள்தான்.

ஆகவே தீர்மானம் இது. சனிக்கிழமை நான் போக மாட்டேன். போனாலும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நாலு சொல்லையும் சொல்வேன், பாதியில் வெட்டினால் வெட்டட்டும். அந்த ‘அவர்’ என்கிற புது ஆள் வேண்டுமானால் கோட்டை நிரப்பிக்கொள்ளட்டும். நீங்கள் திரும்பவும் தொலைபேசி எடுத்து என் மனதை மாற்ற வேண்டாம். அக்கா எடுத்தாலும் மாறாது. சங்கத்தின் செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டாலும் மாறாது.

அக்காவை ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று செடி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், சளி பிடிக்கும். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள், உங்கள் சங்கத்தாருக்கு என் வணக்கங்கள், நன்றியுரை செய்கிறவருக்குச் சுருக்கமாகப் பேசும் வரம் கிடைக்கட்டும். உங்கள் இருவரின் ஆசியும் எங்களுக்கும், இந்தக் கிழமை விசேடமாக யூலியாவுக்கும் வேண்டும்.

போட்டு வாறன்,
உங்கள் அன்பு மைத்துனன்,
சி. கணேசலிங்கம்

பி.கு.: அத்தான், மேலே எழுதியதில் சுகம் விசாரித்ததையும் பீலபெல்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கடிதத்தை உறைக்குள் வைத்து ஒட்டப்போகும் நேரம், கார்ஹிங்கிலிருந்து சனி, ஞாயிறுக்கு வந்திருக்கிற மிதுசா தேத்தண்ணியோடு வந்து மேசையில் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தாள். “அப்பா, இது ‘நீங்கள்’ இல்லை. எல்லாம் பெரிய எழுத்தில போட்டிருக்கிறதால மாறி வாசிச்சிட்டியள். இது ‘அவா’. யூலியா அன்ரி. கடையைப் பூட்டிப்போட்டு அவாதான் போறா. ‘ஏர்’ எண்டிருக்கிறது நீங்கள்” என்றாள். நீங்கள் என்றாலும் ‘ஸீ’, அவள் என்றாலும் ‘ஸீ’, முதல் எழுத்துப் பெரிதா சிறிதா என்பதுதான் வித்தியாசம். இப்படி ஒரு மொழியை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித்தான் கலியாணம் பேசி முடிக்கிறார்கள்?

ஆகவே நான் ‘போறன்’ சொல்லத் தேவையில்லை. என்னை யாரும் சொல்லச் சொல்லவே இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறது அவள். அந்தக் கோடு எனக்கு விட்ட இடம். “என்ன சொல்லவேணும் எண்டு ஏன் எழுதேல்லை?” என்று மிதுசாவைக் கேட்டேன். “நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு அவாவுக்குத் தெரியாதோ அப்பா?” என்றாள். குசினி வாசலில் நின்ற சுந்தரேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. நம் ஆட்கள் முன்னால் நின்று ஒருவர் ‘போறன்’ என்றால், கேட்டவர் சும்மா விடுவாரா? அக்கா உங்களை விட்டாவா? கத்திக்குப் போகமுன் அவளை ஒருவர் மறித்துத் திருத்த வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஒரு பாட்டே எழுதி, எனக்கு ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள். நான் தொலைபேசியை அடித்து வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை வெள்ளனவே புறப்படுகிறோம். சுந்தரேஸ்வரி புட்டு அவிக்கிறாள், குதிரை இருக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். வசனத்தைத் தமிழிலேயே சொல்லப்போகிறேன், லெனார்ட் கீழே எழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். “போறன் எண்டு சொல்லாத பிள்ளை. போட்டு வாறன் எண்டு சொல்லு.” அப்போதிருந்து கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன், ‘பிள்ளை’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் உடைகிறது, அதை மட்டும் சரி செய்ய வேண்டும். அவள் சொல்லும் வரைக்கும் நான் வாசலை விட்டு விலகப்போவதில்லை, கமராவில் எவ்வளவு ஓடினாலும் ஓடட்டும். சொன்ன பிறகும், வாசலில் கழற்றி வைத்திருக்கும் அவளுடைய சப்பாத்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன். அது அந்த வாசலிலேயே நிற்கும். வெறுங்காலோடு போகட்டும், சப்பாத்தை எடுக்கவாவது திரும்பி வரத்தானே வேணும்.